பூங்காவனமும் மூன்று ஃபிளாப்பிகளும்

ரிவியேர் தே ஸாங்கீய் ஊரில் புலிக்குப் பயந்தவர் யாருமில்லை. எங்கள் தீவில் புலியே கிடையாது. புயலுக்குப் பயந்தவர்கள் உண்டு. ஆனால் கணினிக்குப் பயந்துகொண்டே வேலைக்குப் போன முதல் ஆள் பூங்காவனம்தான். அது 1988.

ஸ்வெட்டர் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக அவள் பெட்டிப் பட்டியல் எழுதிவந்தாள். பிரான்சுக்குப் போகும் எந்த அட்டைப்பெட்டியில் எந்த நிறம், எந்த அளவு என்று கையால் எழுதுவாள். எழுத்து அத்தனை நேர். கூரை கட்டுகிறவர்கள் நூல்பிடிக்க அவள் வரியைக் கேட்டு வாங்கிப் போவார்களாம்.

அப்படியிருக்க, மேலாளர் ஜான்-போல் ஒரு கணினியை வாங்கிவந்து, குளிரூட்டிய கண்ணாடி அறையில் வைத்தார். மூன்று மாதத்தில் பட்டியல் அதிலிருந்துதான் வரவேண்டும், முடியாவிட்டால் இஸ்திரிக் கூடத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். இஸ்திரிக் கூடம் என்றால் நீராவிக்குள் பத்து மணி நேரம் நிற்பது. பூங்காவனத்தின் முழங்கால் இரண்டும் ஏற்கெனவே பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தன. ஒரு வாரம்கூடத் தாங்காது, பிறகு வீடுதான் என்று அவளுக்குத் தெரியும்.

தூசு ஆகாதென்று செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். செருப்பை விட்டு உள்ளே போகும் இடத்தில் இருப்பது யாரென்று நமக்குச் சொல்லித் தரவேண்டுமா? முதல் நாளே அவள் கைகூப்பிவிட்டாள்.

கற்றுக்கொடுக்க மோகா ஊரிலுள்ள அலுவலகத்திலிருந்து சுசான் வந்தாள். இருபத்திரண்டு வயது, பொறுமைசாலி. பெட்டிக்கு இரண்டு வாய், இந்தத் தட்டைச் சதுரம் ஃபிளாப்பி, இதை வாயில் கொடுத்து மூடியைத் திருப்பினால் எழுதியதெல்லாம் இதில் தங்கும் என்று காட்டினாள். பூங்காவனம் ஒற்றை விரலால் தட்டினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முருகா. பச்சை எழுத்து ஒன்று மினுக்கினாலும் தொழிற்சாலையையே அழித்துவிட்டோம் என்று கை உதறும். அந்த உதறலில் பக்கத்து மேசைத் தேநீர்க் கோப்பை தானே நடந்து விளிம்புக்கு வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலும் நிம்மதியில்லை. புருஷன் விநாயகம் பிளேன் மாக்னியன் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றுகிறவன். அங்கே ஒருவன் தப்பான பொத்தானை அழுத்த, ஒரு கல்யாணக் கோஷ்டியின் பெட்டிகள் எல்லாம் வேறு நாட்டுக்குப் போய், அங்கே வேறு யாருக்கோ கல்யாணம் நடந்துவிட்டதாகச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை வந்தது. பத்து மணிக்கு லாரி கிளம்பும். அதற்குள் அவளே தனியாகப் பட்டியலை அச்செடுத்துத் தரவேண்டும். முந்தின நாளே பட்டியல் முழுவதையும் அடித்துவைத்திருந்தாள். ஒரு நகல் எடுத்தால் போதும் என்று சுசான் சொல்லியிருந்தும், பயத்தில் இன்னொன்று எடுத்தாள். தொழிற்சாலையில் விட்டால் எலி தின்னும் என்று மூன்றையும் வீட்டுக்கே கொண்டுபோனாள். மூன்றாவது மட்டும் சாப்பாட்டுப் பையில், கருவாட்டு ருகாய் என்கிற தக்காளித் தொக்கு கொண்டுபோன தூக்குக்கு அடியில் கிடந்தது.

வெள்ளி காலையில் தலைக்குக் குளித்து, சந்தனம் இழைத்தாள். பின்னல் இயந்திரம் புதிதாக வந்தால் பெண்கள் பொட்டு வைக்காமல் நூல் கோக்க மாட்டார்கள். இதற்கு மட்டும் யாரும் வைக்கவில்லையே என்று அவளுக்கு உறுத்தல். ஃபிளாப்பியின் உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு, உள்ளே பழுப்பாக மினுமினுப்பு. அதுதான் நெற்றி என்று பட்டது. இரண்டுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். மூன்றாவதில் கருவாட்டு வாடை. வெள்ளிக்கிழமை அதைச் சாமி அருகே கொண்டுபோக மனம் வரவில்லை, பையிலேயே விட்டாள்.

ஒன்பதரைக்கு முதல் ஃபிளாப்பியை மேல் வாயில் கொடுத்தாள். பெட்டி உறுமியது. பிறகு பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம். திரையில் ஒரு கேள்வி வந்தது: நிறுத்தவா, மறுபடி முயலவா, தோற்கவா? நகலைக் கொடுத்தாள், அதே உறுமல், அதே கேள்வி. வெளியே லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். ஜான்-போல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சுசான் வெறுமனே பார்த்துக்கொள்ள அறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்குப் பின்னால் இஸ்திரிக் கூடத்தின் நீராவியும் தெரிந்தது.

இயந்திரம் கெட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் பழி போட்ட இயந்திரத்திடம் நாளைக்கு எந்த முகத்தோடு வருவது?

“சுசான், நான் அதுக்குப் பொட்டு வச்சுட்டேன்.”

“எங்கே வச்சீங்க, மதாம்?”

“நெற்றியில.”

சுசான் ஃபிளாப்பியை வெளியே எடுத்துப் பார்த்தாள். பெட்டி படிக்கும் அந்தத் திறப்பில் குங்குமம் ஒரு வட்டமாக இழுபட்டிருந்தது. அவள் திட்டவில்லை, முகம் வெளுத்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வேறு நகல் இல்லையா என்று கேட்டாள்.

பூங்காவனம் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தாள். “ஒண்ணு இருக்கு. ஆனா அது சுத்தமில்லை.”

சுசான் அதை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, துடைத்து, குங்குமம் படாத கீழ் வாயில் கொடுத்தாள். உறுமல் இல்லை. பச்சை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டு காகிதத்தைக் கக்கியது. அந்த வாடை பிரான்சு வரைக்கும் போய், அங்கே துறைமுகத்துப் பூனைகள் வரிசையில் நின்றன என்பார்கள், நான் பார்க்கவில்லை.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் லாரி கிளம்பியது. ஜான்-போல் பட்டியலைப் புரட்டிப் பார்த்ததோடு சரி. இனி சுசான் வரமாட்டாள், திங்கட்கிழமை ஏழு மணிக்கு நீங்களே திறந்துகொள்ளுங்கள் என்று கண்ணாடி அறையின் சாவியை அவள் கையில் வைத்தார்.

இஸ்திரிக் கூடம் இல்லை. முழங்கால் பிழைத்தது. சாவியை முந்தானையில் முடிந்தவள், உடனே அவிழ்த்துப் பார்த்து மறுபடி முடிந்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.