வீட்டுக்காரிக்கு வைத்த பெடல்

ஏரிப் படகுத் துறையில் அவரை எல்லோரும் ‘அளவுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கயாக் என்கிற துடுப்புப் படகை வாடகைக்கு எடுக்க வந்தவர் வரிசையில் நிற்கும்போதே இவர் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். குனிந்து படகுக்குள் கையை விட்டு, இரண்டு பெடலையும் முன்னும் பின்னும் நகர்த்தி டக்கென்று பூட்டிவிடுவார். படகின் வாலில் இருக்கிற சுக்கானைத் திருப்புவது அந்தப் பெடல்கள்தான். இடதை அழுத்தினால் படகு இடப்பக்கம் போகும், வலதை அழுத்தினால் வலப்பக்கம். முழங்கால் லேசாக மடங்கி, பாதம் பெடலில் பதிய வேண்டும். எட்டாவிட்டால் கதை கந்தல்தான்.

“உட்கார்ந்து பார்த்துட்டுச் சொல்லட்டுமா?” என்று யாராவது கேட்டால் மனுஷருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். “பத்தொன்பது வருஷமா கால் பார்க்கிறேன். பேசாம ஏறுங்க சார்.” சும்மா சொல்லக் கூடாது, பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தலைக்கனம் ஏறியதற்குக் காரணமே அதுதான்.

அந்த வருஷம் துறையின் ஆண்டு விழாவில் புதிதாக ஒரு போட்டி வைத்தார்கள். வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டு ஆளைப் படகில் ஏற்றிவிட வேண்டும். அவர் சிவப்பு மிதவையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அளவுக்காரரின் மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவையாவது படகில் போக வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவரும் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றே காலத்தை ஓட்டிவிட்டார். அன்றைக்கு அவள் புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் வருவதற்கு முன்பே இவர் பெடலை வைத்துப் பூட்டியாயிற்று.

“என்னங்க, ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துக்கிறேனே. இந்த முட்டி…”

“உன் அளவு எனக்குத் தெரியாதா? ஊருக்கே வைக்கிறவன்கிட்ட வந்து பேசுறா பாரு!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஏறினாள். காலை நீட்டிப் பார்ப்பதற்குள் இவர் படகைத் தள்ளிவிட்டார்.

கொஞ்ச தூரம் நேராகப் போனது. மிதவையை நெருங்கியதும் வலப்பக்கமாகத் திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. கரையில் ஒரே சிரிப்பு. அளவுக்காரர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். “இடதை அழுத்து! இடதை! ஒரு பெடலை மிதிக்கத் தெரியாதா உனக்கு?” அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அவள் துடுப்பை மடியில் போட்டுவிட்டாள். படகு மெல்ல நாணலில் போய்ச் செருகிக்கொண்டது.

இவர் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தார். வழியெல்லாம் “மானத்தை வாங்கிட்டே” என்று புலம்பல் வேறு.

கரையில் டிக்கெட் கவுன்ட்டர்க்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏண்ணே, அண்ணிக்கு இடது முட்டி முழுசா நீளாதுன்னு தெரிஞ்சும் பெடலை ஏன் அவ்வளவு தள்ளி வச்சீங்க?”

“நீளாதா? எப்போலேருந்து?”

“நல்லா இருக்கே! துறைப் படி இறங்கக் கஷ்டமா இருக்குன்னுதானே ஒரு வருஷமா உங்க சாப்பாட்டை மேலே என் கவுன்ட்டர்லயே கொடுத்துட்டுப் போறாங்க?”

அளவுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கீழே வந்து தன்னைப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! போன வருஷம் குளியலறையில் அவள் வழுக்கி விழுந்த நாள் நினைவுக்கு வந்தது. எழுந்து போகாமல், அடுத்த அறையிலிருந்தே “அடி ஒண்ணும் படலையே?” என்று கத்தியிருந்தார். அதற்குமேல் கேட்கவில்லை. கண்டவன் காலையெல்லாம் பார்க்கத் தெரிந்தவருக்குப் பொண்டாட்டி நொண்டுவது தெரியவில்லை. அதையும் இன்று ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தாயிற்று. வெட்கத்தில் காது மடலெல்லாம் எரிந்தது.

“இன்னொரு தடவை போகணும்” என்றாள் மனைவி. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

இவர் அவசரமாக மண்டியிட்டுப் படகுக்குள் கையை விட்டார். இடது பெடலைப் பிடித்தும் விட்டார். எந்த இடத்தில் பூட்டுவது என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்: “எவ்வளவு கிட்ட வைக்கட்டும்மா?”

“நீங்க தள்ளி நில்லுங்க. அவ வைக்கட்டும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. குரலில் கோபமே இல்லை. இவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கவுன்ட்டர்க்காரி குனிந்து, பெடலை அதன் சட்டத்தில் ஒவ்வொரு பல்லாக நகர்த்தி, “இங்கயா அண்ணி? இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டாள். மனைவி பொறுமையாகப் பதில் சொன்னாள். பூட்டி முடித்ததும் கவுன்ட்டர்க்காரியே படகைத் தள்ளிவிட்டாள். அது இந்தத் தடவை மிதவையைச் சுற்றிக்கொண்டு வந்தது. கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். இவருக்கு மட்டும் தட்டக் கூசியது.