கருப்புக் கட்டம்

துபாய் சத்வாவில் ஃப்ரேம் போடும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கண்ணாடியில் ஒரு கைரேகை தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் செய்கு அலாவுதீன் கடையைத்தான் தேடி வருவார்கள். கீழக்கரை முதலாளிக்காக இல்லை, உள்ளே மேசையில் குனிந்தே கிடக்கும் முனியசாமிக்காக. கமுதிப் பக்கத்து ஆள். கல்யாண போட்டோவோ குர்ஆன் வசனமோ, அவன் கைபட்டு ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் அவனுக்குத் திமிரும் உண்டு. "மொதலாளி, மிசினுக்குத்தான் கண்ணு கெடையாது, கிழிச்சிப்புடும். ஏங் கை கிழிக்குமா?" என்பான். வாய்க்கொழுப்பு! வேறென்ன சொல்வது?

அன்றைக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு அவன் கடைக்கு வந்தபோது முதலாளி மதிய லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். மேசையில் முதலாளி மகள் ருமைஸாவின் நிக்காஹ் பத்திரிகை, தங்க எழுத்தில், ஃப்ரேமுக்குக் காத்துக் கிடந்தது. வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். அந்தப் பத்திரிகையின் மேல் கிடந்தது ஒரு பழுப்புத் தாள். நாலு பக்கமும் விரல் தடிமனுக்குக் கருப்புக் கட்டம். உச்சியில் மண்டையோடு வேறு.

முனியசாமி தாளைக் கையில் எடுத்தான். எழுத்துக்கூட்டிப் பார்த்தான். 'டெத்' என்று இருந்தது. மற்றதெல்லாம் ஒரே குளறுபடி. எஸ் வரவேண்டிய இடத்தில் எல்லாம் எஃப் மாதிரி ஏதோ நின்றது. இப்படியா தப்பும் தவறுமாக அடிப்பான்கள்? ஷட்டர் இடுக்கில் பெட் ஸ்பேஸ் வாடகை நோட்டீஸ் சொருகுகிற கூட்டத்தில் எவனோ இழவு நோட்டீஸையும் மேசையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான்.

கருமாதி பத்திரிகையை வாசித்த கையோடு கிழித்துப் போட வேண்டும். வீட்டுக்குள் வைக்கவே கூடாது. கமுதிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பெற்ற தாய் வீரம்மாள் செத்தபோது பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்ததால் அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. பத்திரிகை போனில்தான் வந்தது. போனில் வந்ததை எப்படிக் கிழிப்பது? டூட்டிக்கு நடுவில் நின்று, ஒரு தடவை பார்த்துவிட்டு அழித்துவிட்டான். அவ்வளவு சுத்தமான ஆள்.

தாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். லேசில் கிழியவில்லை. காடாத்துணி மாதிரி வலுவாக இருந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். இரண்டாகக் கிழித்துத் தெருக்குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினான்.

தொழுகை முடிந்து வந்த அலாவுதீன் மேசையைத்தான் முதலில் பார்த்தார். "முனியா, இங்கன ஒரு தாள் இருந்துச்சே?"

"அந்தச் சனியனா? கிழிச்சுப் போட்டுட்டேன் மொதலாளி. ருமைஸா பத்திரிகை மேல கெடந்துச்சு. கல்யாண வீட்டுக்கு ஆகுமா?"

"யா அல்லாஹ்! அளவெடுக்கன்னு இப்பத்தானப்பா வெளிய எடுத்து வச்சேன்!"

முனியசாமி தொட்டிக்கு ஓடினான். ஒரு பாதி மேலாகவே கிடைத்தது. இன்னொரு பாதி யாரோ தின்றுபோட்ட ஷவர்மா எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

சாயங்காலம் பிரபாவதி மேடம் வந்தார். மதுரைக்காரர். ஷார்ஜாவில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். எஸ்ஸை எஃப் மாதிரி அச்சடித்த காலத்து, முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின லண்டன் பாராளுமன்றத் தாள்களையும் அரசியல் துண்டுப் பிரசுரங்களையும் கண்காட்சியில் வைக்க, வயதான ஒரு சேகரிப்பாளரிடம் இரவல் வாங்கியிருந்தார். எல்லாம் மேடத்தின் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தது. ஃப்ரேம் போட இந்தக் கடையில் கொடுத்திருந்த அவற்றில் ஒன்றுதான் அந்தப் பழுப்புத் தாள்.

"கட்டிங் மிசின்ல சிக்கிருச்சு மேடம், ஏங் கைப்பிழை" என்றார் அலாவுதீன். ஐந்து வேளை தொழுகிற மனுஷர். வேலைக்காரனுக்காகப் பொய் சொன்னார். சொல்லும்போது நெற்றி வியர்த்தது. பின்னால் நின்ற முனியசாமி கண்ணாடி துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

மேடம் கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "மெஷின்னா நேரா வெட்டுப்பட்டிருக்கும் பாய். நார் நாரா நிக்குது பாருங்க. கையால கிழிச்சது. உங்க கடையில முனியசாமி அண்ணன் கை இருக்குன்னுதானே நான் தேடி வந்தேன்?"

முதலாளி தலை இன்னும் தாழ்ந்தது. அதைப் பார்க்க முனியசாமிக்குச் சகிக்கவில்லை.

"நாந்தான் மேடம் கிழிச்சேன்" என்றான். "மொதலாளி பொய் சொல்றாக. கருமாதி பத்திரிகைன்னு நெனச்சுட்டேன்."

மேடம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சரியாத்தான் நெனச்சிருக்கீங்க. இது கருமாதி பத்திரிகைதான். லண்டன்காரங்க ராஜா தலையை அவங்க பாராளுமன்றமே வெட்டுச்சு. அவருக்கு அழுது யாரோ ஒருத்தர் திருட்டுத்தனமா அச்சடிச்சது. பிடிக்காத பிரசுரத்தை அப்பல்லாம் தூக்குப்போடுறவன் கையாலயே நடுத்தெருவுல கொளுத்தச் சொல்வாங்க. அந்தக் காலத்துல எவனோ ஒருத்தன் உயிருக்குப் பயந்து பயந்து ஒளிச்சு வச்சிருக்கான்."

"வாசிச்சவங்க எல்லாரும் கிழிச்சுட்டா, செத்தவங்களுக்காக யாரோ அழுதாங்கங்கிறதுக்கு என்னண்ணே மிச்சம்?" என்றார். கேட்டது ராஜாவுக்காகத்தான். முனியசாமி காதில் அப்படி விழவில்லை.

கிழிந்ததைக் கிழிந்தபடியே, இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃப்ரேம் போடச் சொன்னார். "நீங்களே போடுங்க" என்றார். சேகரிப்பாளரிடம் தானே போய் நிற்பதாகச் சொல்லிக் கிளம்பினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. செருப்பால் அடித்திருக்கலாம்.

"எம்மகளுக்கு நல்லது நெனச்சுத்தானப்பா செஞ்சே" என்றார் அலாவுதீன். அந்த ஆறுதல் இன்னும் கூசியது. முனியசாமி ஃப்ரேம் போட்டான். எத்தனை துடைத்தும் எண்ணெய்க் கறைக்கு மேல் கண்ணாடி மங்கலாகவே தெரிந்தது.

வேலை முடிந்ததும் கடை வாசலில் நின்று போனை எடுத்தான். மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினான். அழித்தது எங்கே கிடைக்கும்? ஊரில் இருக்கும் தம்பி மணிமாறனைக் கூப்பிட்டான்.

"டேய், ஆத்தா பத்திரிகை ஒண்ணு இருந்தா போட்டோ புடிச்சு அனுப்புடா."

"எதுண்ணே?"

"கருமாதிக்கு அடிச்சோமே, அது. எனக்குப் பாக்கணும்டா."

தம்பி சிரித்தேவிட்டான். "என்னண்ணே, துபாய் போயி ஊர் வழக்கம் மறந்துபோச்சா? அத எவன் வீட்டுல வைப்பான்? எல்லாத்தையும் அன்னிக்கே கிழிச்சாச்சு. ஒண்ணுகூட விடலண்ணே."

முனியசாமி போனை வைத்துவிட்டு உள்ளே போய், கிழிந்த தாளின் கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.