மை ஒட்டாத டிக்கெட்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடை. அப்போது அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். கடைக்காரர். முகையூர்ப் பக்கத்திலிருந்து அன்றைக்கு வந்திருந்த அவருடைய மாமனார். பென்ஷன் தாளை நகல் எடுக்க வந்த பெரியவர் ஒருவர். இடுப்பில் குழந்தையோடு ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண். நான் வேலை பார்க்கிற மண்டியில் மூட்டை தூக்கும் கூட்டாளி. ஆறாவது ஆள் நான். அந்தக் குழந்தையையும் சேர்த்தால் ஏழு. ஆனால் அது தூங்கிக்கொண்டிருந்தது, எதையும் கேட்டிருக்காது. இப்படி எண்ணி எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், வேலை பார்க்கிறேன். எடை போட்டு முடித்த மூட்டைகளின் வாயைத் தைப்பது என் வேலை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தாள் என்றால் இன்னும் பயம். நனைந்துவிடும், எலி கடித்துவிடும், மடித்த இடத்தில் கிழிந்துவிடும். அதனால் கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் லேமினேஷன் போட்டுவிடுவேன். ரேஷன் கார்டு, ஆதார், என் மகளின் தடுப்பூசி அட்டை, ஒருமுறை கரண்ட் பில்லைக்கூடப் போட்டேன். மண்டியில் என்னை அதை வைத்தே கேலி செய்வார்கள்.

விழுப்புரத்தில் ஒரு மைதானத்தில் பெரிய பாட்டுக் கச்சேரி நடக்கப் போவதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பாடகரை ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்று என் மனைவிக்கு ரொம்ப நாளாக ஆசை. மண்டியில் பேச்சு வந்தபோது மூட்டை தூக்கும் நாலு பேர் நாங்களும் வருகிறோம் என்றார்கள். டிக்கெட் நானூறு ரூபாய். ஆறு டிக்கெட்டுக்கு இரண்டாயிரத்து நானூறு. போனிலேயே வாங்கலாம் என்றார்கள். போனில் பணம் போட எனக்குப் பயம். அந்த ஜெராக்ஸ் கடையில் தாள் டிக்கெட்டே கிடைத்தது. விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கச்சேரிக்காரர்கள் தனக்கு இருபது ரூபாய் கமிஷன் தருகிறார்கள் என்று கடைக்காரரே வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த நாலு பேரில் ஒருவனான கூட்டாளியும் நானும் போய் ஆறு டிக்கெட்டும் வாங்கினோம். கையோடு லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

"டிக்கெட்டுக்கு எதுக்குண்ணே? வாசல்ல கிழிப்பாங்க."

"கிழிக்கிறப்ப பாத்துக்கலாம் தம்பி. அது வரிக்கும் நனையாம இருக்கணும்ல."

"வேணாண்ணே, சொன்னாக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. போட்டுக் கொடுத்தார். ஆறும் பளபளவென்று அடையாள அட்டை மாதிரி இருந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிடித்த மழை, மைதானத்தைக் குளமாக்கிவிட்டது. முதலில் தள்ளிவைத்தோம் என்றார்கள். பிறகு ரத்து என்றார்கள். விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி ரூமில் இரண்டு நாள் பணம் திருப்பித் தருவோம், அசல் டிக்கெட்டோடு வர வேண்டும் என்று செய்தி வந்தது. முதல் நாள் மண்டியில் லோடு இருந்ததால் போக முடியவில்லை. இரண்டாம் நாள் மதியம் கூட்டாளியை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாடிப்படி முழுக்கக் கூட்டம். உள்ளே மேஜையில் ஒருவர் கத்தரிக்கோல், பசை, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டின் நம்பர் உள்ள மூலையை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டுவார். மீதித் தாளில் சீல் வைப்பார். பக்கத்தில் இருப்பவர் பணம் தருவார். எங்கள் முறை வந்தது. நான் ஆறு பிளாஸ்டிக் அட்டைகளை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாங்க இது?"

"டிக்கெட்டுங்க."

பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டிக்கெட்ட ஆதார் கார்டு கணக்கா வச்சினு வந்திருக்காருப்பா. கைரேகை எடுத்துக்கினு குடுங்க" என்றார். வரிசையே சிரித்தது.

மேஜைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு டிக்கெட்டின் மேல் சீல் வைத்துப் பார்த்தார். மை பிளாஸ்டிக் மேல் முத்து முத்தாக நின்றது. விரலால் தேய்த்தார், வந்துவிட்டது. "பாருங்க, ஒட்ட மாட்டேங்குது. நோட்டுலயும் இது ஒட்டாது. ஆடிட்டுல என்னைக் கேப்பாங்க" என்றார். பிளாஸ்டிக்கைப் பிரித்துத் தருகிறேன் என்று நானே நகத்தால் கீறி இழுத்தேன். பிளாஸ்டிக்கோடு தாளின் மேல்தோலும் நம்பரும் சேர்ந்து உரிந்து வந்தன. மீதி ஐந்தைத் தொட எனக்குக் கை வரவில்லை. "வித்த கடையிலயே கேளுங்க. அடுத்த ஆள் வாங்க" என்றார். வரிசை என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே போயிற்று.

திரும்பி வருகிற பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எண்ணூறு போனால் போகட்டும். மற்ற நாலு பேரின் ஆயிரத்து அறுநூறு? மண்டியில் நாளைக்குக் கேட்பார்களே. பிளாஸ்டிக்கில் மை ஒட்டவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நானே தின்றுவிட்டேன் என்பார்கள். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் யாராவது ஒரு ஆளைத் திருடனாக்கியே தீர வேண்டும் என்ற நிலைக்கு என் பயம் வந்துவிட்டது. அந்த ஆள் நானாக இருக்கக் கூடாது.

நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முதலில் சொன்ன ஆறு பேரும் அங்கே இருந்தது அப்போதுதான். அட்டைகளை மேஜையில் வீசினேன்.

"பிளாஸ்டிக் போட்டா செல்லாதுன்னு தெரிஞ்சேதான போட்டுக் குடுத்த? அவனுங்களும் நீயும் கூட்டு. மூட்டை தூக்கறவன் காசத் தின்னுட்டு நல்லவனாட்டம் குந்தினு இருக்க. திருட்டுப் பய."

வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே கிடையாது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு தன் மாமனாரைப் பார்த்தார். "நான்தான் வேணாம்னேனேண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேஜை டிராயரைத் திறந்து இருந்ததை எடுத்தார். போதவில்லை. சட்டைப் பையிலிருந்த ஒரு கவரைப் பிரித்து மீதியைச் சேர்த்தார்.

"எண்ணிக்கோங்கண்ணே."

நான் எண்ணினேன். அவர் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணினேன். இரண்டாயிரத்து நானூறு இருந்தது.

வெளியே வந்து டீ வாங்கினோம். கூட்டாளி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "லேமினேஷன் நீதானண்ணா கேட்ட. அவரு வேணாம்னாரு. அன்னிக்கு நானும் கூட இருந்தேன்ல."

சொன்ன பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. சத்தியமாக அதுவரை ஞாபகம் இல்லை. பயம் அதைத் துடைத்து எடுத்திருந்தது.

"ஏண்டா, அங்கயே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அவரு காசு குடுத்திருப்பாரா? எனக்கும் நானூறு வரணுமில்ல."

அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மறுநாள் நாலு பேருக்கும் பணத்தைக் கொடுத்தேன். அந்தத் தெருப் பக்கம் போவதை விட்டேன். பஸ் நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால்கூடச் சுற்றிக்கொண்டு போனேன்.

பத்து நாள் கழித்து என் மனைவி ஏதோ தாளை நகல் எடுக்க அதே கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரரின் மனைவி இருந்திருக்கிறாள். இவள் யாரென்று அவளுக்குத் தெரியாது. பேச்சுவாக்கில் புலம்பியிருக்கிறாள். யாரோ ஒருவன் வந்து கத்திவிட்டுப் போனானாம். கச்சேரிக்காரர்கள் அந்தப் பிளாஸ்டிக் டிக்கெட்டுகளுக்குக் கடைக்கும் பணம் தரவில்லையாம். கலர் பிரிண்ட் மிஷின் வாங்கப் பணம் கொடுப்பதற்காக முகையூரிலிருந்து வந்த அவளுடைய அப்பா, அன்றைக்குக் கொண்டுவந்த பணத்தைக் கொடுக்காமலே பஸ் ஏறிவிட்டாராம். மகள் வீட்டில் கை நனைக்கக்கூட இல்லையாம்.

என் மனைவி வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"கத்தினது நீதான?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று நான் தூங்கவில்லை. ஏழாம் வகுப்பில் நடந்தது ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. கொடிநாளுக்கு வசூலித்த உண்டியல் என் பொறுப்பில் இருந்தது. எண்ணும்போது முப்பது ரூபாய் குறைந்தது. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க என் டவுசர் பையை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. வாய் வரவில்லை. சரி போய் உட்கார் என்றார்கள். இவன் எடுக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. டிராயரைத் திறக்கும்போது அந்தக் கடைக்காரர் முகத்தில் நான் பார்த்தது என் முகத்தைத்தான் என்று அந்த இரவில்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய், அங்கிருந்து முகையூர் பஸ் பிடித்தேன். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்குப் பெண் கொடுத்த வீடு எது என்று விசாரித்து விசாரித்துக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மாமனார் வாசலில் கேப்பையைக் காய வைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லேமினேஷன் நான் கேட்டது, கடைக்காரர் வேண்டாம் என்றது, நான் மறந்தது.

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. "அதெல்லாம் பொண்ணு சொல்லிட்டா. நான் கெளம்பினது அதுக்கில்ல. திருடன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா சொல்றான். இவரு ஒரு வார்த்த மறுத்துப் பேசல, காசத் தூக்கிக் குடுக்கறாரு. தப்பு இல்லாத மனுசன் வாயத் தெறக்க மாட்டானா?"

"பேசாதவன்லாம் எடுத்தவன் இல்லீங்க" என்றேன். பிறகு எப்படியோ அந்த உண்டியல் கதையைச் சொன்னேன். என் மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை. கேப்பை காயும் ஒரு வாசலில், பெயர் தெரியாத மனிதரிடம் சொன்னேன்.

அவர் கால் நின்றது. "வெயில்ல நிக்காத. வந்து சாப்பிடு" என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சாப்பிடாமல் கிளம்புவது என்னவென்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. சாப்பிட்டேன்.

மறுநாள் இரண்டாயிரத்து நானூறோடு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மனைவி சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணமும் அதில் இருந்தது. கடைக்காரர் எண்ணூறு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினார்.

"உங்க ரெண்டு டிக்கெட்டு உங்க பயத்துல போச்சுண்ணே, அத வாங்கிக்கிறேன். மத்த நாலு பேரு கடைய நம்பி வாங்கினவங்க. அது கடைக்கு வந்த நஷ்டம்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வாங்கவில்லை. "மாமா நேத்து போன் பண்ணாரு" என்று மட்டும் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பணத்தை விடுங்கள். வார்த்தையைக் கேட்டவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பென்ஷன் பெரியவர் மாதம் ஒருமுறை வருவார் என்றார் கடைக்காரர். காத்திருந்து பிடித்தேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. இவரு நல்லவரு" என்றேன். அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா சொன்ன? எனக்குக் காது மந்தம்பா. அன்னிக்கு இன்னா சொன்ன?" என்றார். அவர் அன்றைக்கு எதையுமே கேட்டிருக்கவில்லை. வேறு வழியில்லாமல், கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவர் காதருகே அதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது: "இவரத் திருட்டுப் பயன்னு சொன்னேங்க. அது பொய்." பெரியவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது லேமினேஷன் கேட்ட நாளுக்குப் பிறகு அன்றுதான்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்ணை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் எந்த ஊர் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. அவள் மனதில் அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் ஒரு திருடர். யாரிடமாவது அப்படிச் சொல்லியும் இருப்பாள். இதை நான் எழுதுவதே அவள் கண்ணில் படாதா என்றுதான். அம்மா, அந்த ஆள் எடுக்கவில்லை.

கடைக்காரர் கணக்கில் நான் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் கூட்டாளி வாங்கிக்கொண்ட நானூறும் மற்ற மூன்று பேரின் நானூறுகளும், ஒரு மனிதன் வாயைத் திறந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் எங்களுக்குக் கொடுத்த பணம் என்பதை ஒவ்வொரு மூட்டையின் வாயைத் தைக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன். என் கணக்கில் நான் அவருக்கு இன்னும் தர வேண்டியது ஆயிரத்து அறுநூறு ரூபாய்.