பட்டை கழிக்காத கணக்கு

பைன் மரத்தை நான் கையால் தொட்டதில்லை. ஆனாலும் ஹெப்பகோடியில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ குளிர்நாட்டில் நட்டு வளர்த்த பைன் தோப்பில் எத்தனை கனமீட்டர் மரம் தேறும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அங்கே சில மரங்களை மட்டும் நெஞ்சுயரத்தில் டேப் சுற்றி அளந்து அனுப்புவார்கள். அதை வைத்து முழுத் தோப்புக்கும் நாங்கள் கணக்குப் போடுவோம்.

ஒருவர் போட்ட ஷீட்டை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். எனக்கு வாய்த்த ஜோடி ஆஸ்டின் டவுன்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒப்பந்த ஊழியர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போதுதான் சரிபார்ப்போம். அதாவது, பார்க்கவே மாட்டோம்.

"நீ போட்டா சரியாத்தான்பா இருக்கும். சைன் பண்ணிடறேன், பஸ் போயிடும்" என்பார். நானும் அவருடையதைப் புரட்டாமலே கையெழுத்திடுவேன்.

முன்பு ஒரு காகித ஆலைக்காகத் தைலமரம் அளந்தவன் நான். அங்கே பட்டையை உரித்த பிறகுதான் அளப்போம்; கழிக்க எதுவும் இருக்காது. அந்தப் பழக்கத்தில், பைன் மரத்தின் விரல் கனப் பட்டையைக் கழிக்காமல் ஒரு முழுத் தோப்பையும் கணக்கிட்டுவிட்டேன். வெட்டியபோது நான் சொன்ன அளவுக்கு மரம் இல்லை.

"இத யாரு செக் பண்ணது?" என்று கேட்டார் மேனேஜர். "தப்பு யாரு வேணா பண்ணலாம். செக் பண்றவரு எதுக்கு இருக்காரு?"

"நான்தான் சார்" என்றவர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். பட்டையை மறந்தவன் நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். அவருடைய மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கிளம்பும்போது, "விடுப்பா, ரெண்டு பேரும் போயி என்ன ஆவப்போவுது?" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் மேசையிலிருந்த பழைய ஷீட்டுகள் என்னிடம் வந்தன. முதல்முறையாக ஒன்றைப் படித்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒழுங்காகப் பட்டையைக் கழித்து, ஓரத்தில் பேனாவால் குறித்தும் வைத்திருந்தார். என் ஷீட்டை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அவருடையதை ஒரு முறை பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அவருடைய அந்த ஷீட்டின் கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து இருந்தது.