வளைவில் முனகும் ஜீப்

என் இடது கன்னத்தில் நுரை காயத் தொடங்கியிருந்தது. சலூன்காரர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது வழக்கம்தான். பாதி முகத்தோடு உட்கார்ந்திருப்பவனின் மானத்தைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. திரும்பி வந்து, "மலைப் பக்கம் கறுத்துட்டு வருது. மத்தியானத்துக்குள்ள துணிய எடுத்துடச் சொல்லுங்க வீட்டுல" என்று சொல்லிவிட்டு மிச்சக் கன்னத்துக்கு வந்தார். அவர் சொன்னால் மழை வரும். அதனால் இந்த சலூனுக்கு வருகிற எல்லாரும் அவரை 'வானிலை' என்றே கூப்பிடுகிறோம். வெளியே பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

இந்த ஞானம் அவருக்கு மனைவி வழியாக வந்தது. ஊருக்கு மேலே மலை உச்சியில் ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்த அம்மாளுக்கு அங்கேதான் வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மழை, காற்று, வெப்பம் எல்லாவற்றையும் அளந்து தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அளவு தவறினால் பதில் சொல்லி மாளாது. இன்னொரு ஊழியரும் அவரும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். ஒருவர் மலையை விட்டு இறங்கினால் மற்றவர் தூங்க முடியாது.

தினமும் காலையில் சலூனுக்குப் போன் வரும். கை ஈரமாக இருப்பதால் வானிலை அதை ஸ்பீக்கரில் போட்டுப் பவுடர் டப்பாவின் மேல் சாய்த்து வைப்பார். "ராத்திரி மழை நாப்பது மில்லி. காத்து கம்மி. சாப்டீங்களா?" "சாப்டேன். நீ?" "ம்ம்." அவ்வளவுதான் தாம்பத்தியம். காத்திருக்கும் நாங்கள் மரியாதைக்காகச் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வோம். போன் அணைந்த பிறகு அடுத்த இரண்டு நிமிடம் அவர் கத்தரிக்கோல் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் காதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்வது நல்லது.

கல்யாணத்துக்கு முன் அந்த அம்மாள் தன் சின்னத் தம்பியை முடிவெட்ட இங்கேதான் அழைத்து வருவாராம். "அவனுக்கு மட்டும் பாத்துப் பாத்து ஒரு மணி நேரம் வெட்டுவேன். தலையில முடியே மிஞ்சாது. பாவம், வாரா வாரம் வந்தான்" என்று வானிலை ஒருநாள் என் பின்னந்தலையிடம் சொன்னார். அந்தத் தம்பி இப்போது அடுத்த தெருவில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். அக்காள் புருஷன் மேல் பழைய கோபம் இன்னும் தீரவில்லை என்று முடியை வளரவிட்டுத் திரிகிறார்.

வெயில் காலத்தில் மலைக்குப் போவது பெரிய விஷயமில்லை. வார விடுமுறையன்று வானிலை தன் ஜீப்பில் போய்விட்டு வருவார். அவரைவிட மூத்த ஜீப் அது. காயலான் கடையில் துருவோடு துருவாகக் கிடந்ததை வாங்கி ஓட வைத்தது. மழை பிடித்துவிட்டால் கதை வேறு. அலுவலக வண்டி மேலே போகாது. சாமான்களை ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டு போவார்கள். நடந்து போகலாம் என்றால் சின்ன வயதில் சுவர் ஏறிக் குதித்து உடைத்துக்கொண்ட முழங்கால் விடாது. ஆக, மழை தொடங்கி ஓயும் வரைக்கும் பவுடர் டப்பாவும் ஸ்பீக்கரும்தான்.

போன மழைக்கு அவர் முயன்று பார்த்தார். முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் கல் பாவியிருக்கிறது, ஏறிவிட்டார். மூன்றாவது வளைவு வெறும் மண். அங்கே ஒரு பின்சக்கரம் சேற்றில் கிறுகிறுவென்று சுற்ற, இன்னொன்று அசையாமல் வேடிக்கை பார்த்ததாம். அந்த வளைவுக்கு நேர் எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தான் வானிலை நிலையம். மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு உருவம் கருவிகளைப் பார்க்க வெளியே வந்திருந்தது. இவர் ஹாரன் அடித்தார். அந்த உருவம் திரும்பிக் கையைத் தூக்கியது. இவரும் தூக்கினார். பள்ளத்தைச் சுற்றிப் போக இன்னும் ஒரு மைல். அந்த ஒரு மைலுக்கு வழியில்லை. சாயங்காலம் வரை முயன்று பார்த்துவிட்டு, பின்னோக்கியே ஓட்டி இறங்கினார். "மூஞ்சி தெரியல. கோட்டு மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார். அதைச் சொன்னபோது என் கழுத்தில் கத்தி இருந்ததால் நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. 

அன்றிலிருந்து அவருக்கு 'ஸ்லிப்பு' பைத்தியம் பிடித்தது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் என்பதை அவர் அப்படிச் செல்லமாகச் சொல்லுவார். வண்டியைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாத எனக்கே அவர் அதைப் புரியவைத்தார். "பின் அச்சுல ரெண்டு சக்கரத்துக்கும் பலத்தப் பிரிச்சுக் குடுக்குற டிஃபரென்ஷியல் ஒரு சோம்பேறி சார். எந்தச் சக்கரம் லேசா சுத்துதோ அதுக்கே பூரா பலத்தையும் குடுத்துடும். நல்ல தரையில நிக்கிற சக்கரம் பட்டினி. நம்ம ஸ்லிப்புக்குள்ள தகடு தகடா அடுக்கி ஸ்பிரிங் போட்டு இறுக்கி வச்சிருக்கும். ஒண்ணு வழுக்கினா இன்னொண்ணு இழுத்துப் பிடிக்கும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "குடும்பம் மாதிரி" என்றார். உடனே வெட்கப்பட்டு, "தலையக் குனிங்க" என்று அதட்டினார்.

உடைக்க வந்த ஒரு சரக்கு வண்டியின் பின் அச்சிலிருந்து பட்டறைக்கார மைத்துனர் அந்தச் சாமானைக் கழற்றி வைத்திருந்தார். ஜீப்பின் அச்சுக்கு அது நேரடியாகப் பொருந்தவில்லை. அச்சுத் தண்டின் முனையில் உள்ள பற்கள் ஒத்துவராததால் வேறு தண்டு தேட வேண்டியிருந்தது. அச்சுக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களும் எங்கே உரசுகின்றன என்று பார்க்க, பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்களாம். வானிலை அந்தச் சாயத்தைத் தன் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தடவினார். அப்புறம் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, சாயம் பல்லின் நடுவில் விழும் வரை கழற்றுவதும் மாட்டுவதுமாக எத்தனை விடுமுறை போயிற்றோ. கை என்னதான் கழுவினாலும் கியர் ஆயில் வாசனை போகவில்லை. நாங்கள் எல்லாரும் அந்த நாட்களில் லாவெண்டரும் கியர் ஆயிலும் கலந்து மணந்தோம். என் மனைவி என்னை எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்குமளவுக்கு.

ஒரு தப்பும் நடந்தது. அந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க முடியாது. அடுக்குத் தகடுகளை மாட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். வானிலையோ பழக்க தோஷத்தில் ஒவ்வொரு தகட்டையும் பெட்ரோலில் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, விளக்கில் காட்டிப் பார்த்து, கத்தியைப் போலச் சுத்தமாக உலர்த்தி மாட்டிவிட்டார். சோதனை ஓட்டத்தில் வண்டி முதல் திருப்பத்திலேயே திரும்ப மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. மைத்துனர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "மாமா, இது என்ன, யாருக்கு ஷேவிங் பண்ணப் போறீங்க?" வானிலை நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடி எல்லாவற்றையும் பிரித்து ஊறவைத்தார்கள்.

அதற்குப் பிறகு வண்டி திரும்பியது. ஆனால் மெதுவாக வளைக்கும்போதெல்லாம் அடியிலிருந்து 'ம்ம்ம்ஹ்ர்ர்' என்று ஒரு முனகல் வந்தது. வானிலை போனை அச்சின் பக்கம் நீட்டி மனைவிக்குக் கேட்கவைத்தார். "யாருக்கு வயித்து வலி?" என்றார் அந்த அம்மாள். பட்டறையில் ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். "எண்ணெயில கலக்குற மருந்து ஒண்ணு இருக்கு அக்கா. ஒரு பாட்டில் ஊத்தினா சத்தம் போயிடும். சொல்லி வச்சிருக்கேன், வர்றதுக்கு நாளாகும்" என்றார் தம்பி.

மருந்து வருவதற்குள் மழை வந்துவிட்டது. வானிலை பொறுக்கவில்லை. "பின்னால பாரம் வேணும் சார். சிமெண்ட் மூட்டை வச்சா உருளும். நீங்க நல்ல கனம், உக்காந்த இடத்துலயே இருப்பீங்க" என்று என்னைக் கூப்பிட்டார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எங்கும் அழைத்ததில்லை. மேலே போகிற விஷயத்தை மனைவியிடம் சொன்னாரா என்று கேட்டேன். "சொல்லல. போன தடவை சொல்லிட்டுத்தான் போனேன். அவ ரெண்டு பேருக்கும் சேத்து சமைச்சு வச்சிருந்தா" என்றார். சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

முதல் வளைவில் முனகியது. இரண்டாவதில் கல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக, காடு முழுக்கக் கேட்கும்படி முனகியது. மூன்றாவதில் அவர் வண்டியை நிறுத்தி, சேற்றைப் பார்த்து, கர்சீப்பால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். பிறகு மெதுவாக விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சக்கரம் வழுக்குவது இடுப்பில் தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். அதே நொடியில் மறு பக்கத்துச் சக்கரம் தரையைக் கவ்வியது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, வாத்து நடையில் ஏறியது.  அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சலூன் கண்ணாடியில் எத்தனையோ வருடமாகப் பார்க்கிற முகம்தான். அன்று எனக்கு அது யாரோ சின்னப் பையனின் முகம் போலிருந்தது.

பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாசல் கேட் ஏற்கெனவே திறந்திருந்தது. மஞ்சள் கோட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் பார்த்தால் அதற்குள் நரைத்த முன்னுச்சியோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற ஒரு முகம்.

"எப்படித் தெரியும்?" என்றார் வானிலை.

"ரெண்டாவது வளைவுலயே கேட்டுச்சு. என்ஜின் சத்தமெல்லாம் மழையில கரைஞ்சுடும், இந்த முனகல் கரையல. அப்பவே வந்து நின்னுட்டேன். மூணாவதுல சத்தமே காணோம். நின்னுட்டீங்களோன்னு இருந்துச்சு." கேட்டைச் சாத்திக்கொண்டே, "தண்ணி சுட வச்சிருக்கேன். மொதல்ல கால் கழுவுங்க" என்றார்.

அதற்குள் அளவெடுக்கும் நேரம் வந்துவிட்டது. அந்த அம்மாள் புல்வெளியில் இருந்த மழைமானியிடம் குனிய, வானிலை குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, மனைவிக்கும் கருவிக்கும் சேர்த்துப் பிடித்தார். "நான் மழைய அளக்குறேன். நீங்க அத மறைக்கிறீங்க." அவர் அவசரமாகக் குடையை மடக்கினார். அப்படியே இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்று, அந்தக் கண்ணாடிக் குழாயை ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள். அளவைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். நான் தேநீரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மூடுபனி இறங்குவதற்குள் கிளம்ப வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் வளைவுகளில் ஜீப் முனகிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் கழித்து நான் சலூனில் இருந்தபோது மைத்துனர் வந்தார். கையில் ஒரு சின்ன பாட்டில்.

"வந்துடுச்சு மாமா. மூடியத் தொறந்து இத ஊத்தினா போதும், வண்டி பூனை மாதிரி போகும். ஊத்தலன்னா தகடும் சீக்கிரம் தேஞ்சுடும், சொல்லிட்டேன்."

"தேஞ்சா மறுபடியும் மாட்டிக்கலாம்" என்றார் வானிலை.

மைத்துனர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். ஓரமாகப் பார்த்தபோது வானிலை பாட்டிலை வாங்கி, துண்டால் அழுத்தித் துடைத்து, பவுடர் டப்பாக்களுக்கும் லோஷன் பாட்டில்களுக்கும் பின்னால், எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.