நான் வெட்டிய ஒரு வரி

பயப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று உண்டென்றால் அது என்னுடையதுதான். பி.ஃபார்ம் முடித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு மருத்துவக் கருவி கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஒரு கருவியை விற்க வேண்டுமென்றால் அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சோதனை முடிவுகள், லேபிள், வாங்குகிறவர் படிக்கும் வழிமுறைச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவதும், அங்கிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் எங்கள் பிரிவின் வேலை. ஒரு பக்கம் விட்டுப்போனாலும் மொத்தமும் திரும்பி வரும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அனுப்பிய பிறகும், எந்தப் பக்கம் விட்டுப்போனதோ என்று நகலைப் புரட்டிக்கொண்டே இருப்பேன்.

எங்கள் ஊர் நெய்வேலியில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. டவுன்ஷிப்பில் வேலை என்றால் கேள்வி ஒன்றுதான், பெர்மனெண்டா கான்ட்ராக்டா. "பெர்மனெண்ட்தான், ஆபீஸ்ல பேப்பர் வேலை" என்று அம்மா முடித்துவிடுவாள். எதிர் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி மட்டும் அத்தோடு விடமாட்டார். பண்ருட்டிக்காரர். எதையும் துருவித் துருவிக் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "பேப்பர்னா இன்னா பேப்பர்மா?" என்று அவர் விடாமல் கேட்டதால், சர்க்கரை பார்க்கும் மீட்டரோடு வரும் சீட்டைக் காட்டி, "இதத் தமிழ்ல எழுதினது நான்தான் ஆன்ட்டி" என்று ஒருமுறை சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்தச் சீட்டைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் அதில் பதினேழு குறிப்புகள். தமிழில் எழுதினால் எப்போதும் நீளும். கடைசி மடிப்பில் இரண்டு வரி வெளியே தள்ளுகிறது, குறைத்துக் கொடுங்கள் என்றார் அச்சுக்குப் பக்கம் அமைப்பவர். மறுநாள் விண்ணப்பம் போயாக வேண்டும். "ஸ்ட்ரிப்புகளை அவற்றின் பாட்டிலிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது" என்ற குறிப்பை எடுத்துவிட்டேன். ஸ்ட்ரிப் என்பது ரத்தச் சொட்டை வாங்குவதற்காக மீட்டரில் செருகும் சின்ன அட்டை. அந்தப் பாட்டிலின் மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சும் மருந்து இருக்கிறது. வெளியே வைத்தால் ஸ்ட்ரிப்பில் ஈரம் ஏறி அளவு தப்பாக வரும். ஆனால் பாட்டில் மேல் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறதே, யார் மெனக்கெட்டு மாற்றப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய சக ஊழியருக்குத் தமிழ் தெரியாது. குறிப்புகளின் எண்ணிக்கையைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார். பதினாறு இருந்தால் கேள்வி கேட்பார். அதனால் இன்னொரு குறிப்பை இரண்டாக உடைத்துப் பதினேழாக்கினேன். தெரிந்தேதான் செய்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதுவதாக இருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

அனுமதி கிடைத்தது. ஊழியர்களுக்குச் சலுகை விலையில் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் கொடுத்தார்கள். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு, ஆன்ட்டிக்கும் உண்டு. ஆளுக்கொரு மீட்டரும், பொதுவாக ஒரு பாட்டில் ஸ்ட்ரிப்பும் அனுப்பிவைத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று அனுப்பலாம் என்று இருந்தேன்.

அந்த ஐப்பசியில் லீவில் வீட்டுக்கு வந்தபோது விடாத மழை. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருந்தது. வந்த இரண்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும், எதிர் வீட்டுக்குப் போன அம்மா அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள். அவள் குரல் சரியில்லை.

ஆன்ட்டி சமையலறைத் தரையில் கிடந்தார். புடவை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அம்மாவைத் தன் தங்கச்சி என்று நினைத்து ஏதோ குழறினார். அவர் வீட்டுக்காரர் மைன்ஸில் முதல் ஷிப்டில் இருந்தார். எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. பார்த்தவுடனேயே சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரிந்தது. படித்த படிப்பு அதற்காவது பயன்பட வேண்டும். ஆனால் மேடையில் மீட்டர் கிடந்தது. பட்டனை அழுத்தினேன். அன்று காலை ஏழு மணிக்குப் பார்த்த அளவு, முந்நூற்று நாற்பத்திரண்டு.

சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த மீட்டருக்கு அனுமதி வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அது தப்பாகக் காட்டாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். முந்நூற்று நாற்பத்திரண்டு இருக்கும் உடம்புக்கு நானே சர்க்கரையைக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்?  என் கண் எதிரில் ஒரு ஆள் வெளுத்துக்கொண்டு போகிறார், நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னாத்தடி பாத்துகினு நிக்கற, குடு இப்டி" என்று அம்மா டப்பாவைப் பிடுங்கினாள். ஆன்ட்டியை ஒருக்களித்துச் சாய்த்து, சர்க்கரையை ஈரவிரலில் தொட்டு அவர் ஈறில் தேய்த்தாள். நான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். நாற்பத்தொன்று. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இன்னிக்கு இன்சுலின் எவ்ளோ போட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்கு ஓடினேன். மேடையில் மீட்டருக்குப் பக்கத்தில், முந்நூறு தாண்டினால் எத்தனை யூனிட் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. அதன்படி மூன்று நாளாகக் கூட்டிப் போட்டிருக்கிறார். தாளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கற்பூர டப்பா. அதற்குள் எங்கள் ஸ்ட்ரிப்புகள்.

யார் மாற்றப்போகிறார்கள் என்று கேட்டேனே, மாற்றியது என் அம்மா. பாட்டிலில் இருந்ததைச் சரிபாதியாக எண்ணி, எதிர் வீட்டுக்கு டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். "கற்பூர டப்பாவுல போட்டுக் குடுப்பியா? அறிவில்ல உனக்கு? செத்துப்போயிருந்தா?"  அம்மா ஈரக் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளைப் பார்த்துக் கத்தக் கத்த எனக்குள் பயம் கொஞ்சம் குறைந்தது. அதனால்தான் கத்திக்கொண்டே இருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆன்ட்டி பிழைத்துவிட்டார். மறுநாள் வார்டில் தலையணைக்கு அடியிலிருந்து பைபிளை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த சீட்டை என்னிடம் நீட்டினார்.

"பதினேழு இருக்குதும்மா. ஒண்ணு விடாம படிச்சிட்டுத்தான் ஊசியத் தொட்டேன். கை கழுவணும்னு போட்டிருந்திச்சி, கழுவினேன். மொதல் சொட்டத் தொடச்சிடணும்னு போட்டிருந்திச்சி, தொடச்சேன். நான் எதுல தப்புப் பண்ணேன்னு பாத்துச் சொல்லு." பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு எழுதினதுதான் சிஸ்டர் இது" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கருவியால் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்தது என்று தெரிந்தால் கம்பெனிக்கு எழுத வேண்டும், கம்பெனி அரசுக்கு எழுத வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்புவதும் என் வேலைகளில் ஒன்று. இரண்டு நாள் லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வேலை போய்விடும். இந்தத் துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள்.  பிறகு, இதே சீட்டை எத்தனை வீட்டில் மடித்து வைத்திருப்பார்கள், எத்தனை வீட்டில் டப்பா இருக்கும் என்ற நினைப்பு வந்தது. அந்தப் பயம் முதல் பயத்தை விடப் பெரியதாக இருந்தது. எடுத்த குறிப்பையும் உடைத்த குறிப்பையும் ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன். ஆனால் அந்தப் படிவத்தில் யாருக்கும் முகம் கிடையாது. நோயாளி, பெண், வயது ஐம்பத்திரண்டு, அவ்வளவுதான்.

ஆன்ட்டி வீட்டுக்கு வந்த அன்று போய் முகத்துக்கு நேராகச் சொன்னேன். எடுத்த வரியைச் சொன்னேன், எண்ணிக்கைக்காகச் செய்த வேலையையும் சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே கேட்டார்.

"நான் காலைல வந்ததுலேர்ந்து உங்கம்மா இந்த வூட்டு வாசப்படி ஏறல தெரியுமா?" என்றார். "கூப்புட்டா அவ வூட்டு சன்னல்லயே நின்னுகினு பேசறா. நான்தான் உன்னைக் கொல்லப் பாத்தேன்னு அழுவுறா. என்கிட்ட வந்து சொல்றியே, அவகிட்ட சொன்னியா?"

நான் வாசல் வழியாக எங்கள் வீட்டைப் பார்த்தேன்.

"என்கிட்ட அப்புறம் பேசு. மொதல்ல அங்க போ."

தெருவைத் தாண்டினால் எங்கள் வீடு. அந்தத் தூரத்தை நடக்க முடியாமல் ஆன்ட்டி வீட்டு வேலிப் பக்கம் மழையில் கொஞ்ச நேரம் நின்றேன். கம்பெனிக்கு எழுதியபோதோ, ஆன்ட்டி முன்னால் உட்கார்ந்தபோதோ அப்படிப் பயந்ததில்லை.

அம்மா சமையலறையில் இருந்தாள். கிண்ணங்களில் கொடுத்து வாங்கும் பழக்கம் உள்ள வீடு எங்களுடையது. அக்கம்பக்கத்துக் கிண்ணங்களையெல்லாம் கழுவி, திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"இனிமே யாருக்கும் எதுவும் குடுக்க மாட்டேன்டி" என்றாள். "நீ படிச்சவ, சொன்னது சரிதான். எனக்குத்தான் அறிவில்ல."

அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன். உட்காரும்மா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.