அப்பா பேசாத பாட்டுகள்

போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் கிளிநொச்சியில் ஓர் இணைய நிலையம் இயங்கியது. கண்டி வீதிக்குப் பக்கத்தில் சிறிய கட்டடம். கூரையில் செய்மதித் தட்டு, பின்பக்கம் ஜெனரேற்றர். தூசி கணினிக்குள் போய்விடும் என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வெளியே குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் கோயில் வாசல் போலிருக்கும். அங்கேதான் நானும் என் மகளும் பழந்தமிழ்ப் பாடல்கள் படித்தோம்.

படிப்பை நடத்தியவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கற்பித்த தமிழ் ஆசிரியை. முதலில் பழம்பாடல்கள், பிறகு நாவல்கள். பாடங்கள் மின்னஞ்சலில் வரும். நாங்கள் விடை எழுதி அனுப்பவேண்டும். கனடா, சிங்கப்பூர், சென்னை என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் எழுதுவதை எல்லோரும் வாசிக்கலாம். மகள் அப்போது பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டிலிருந்தாள். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். இளமையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விரும்பியவன். இடப்பெயர்வுகளில் அது கைகூடவில்லை. ஆனால் அவளோடு சேர்ந்து நானும் பெயர் கொடுத்ததற்கு அது காரணமல்ல. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் திடீரென்று போராட இயக்கத்துக்குப் போய்விடும் காலம் அது. சமாதானம் என்று சொன்னாலும் எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி நடந்திருந்தது. அடுத்த கிழமை வரப்போகும் பாடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளை இந்தக் கிழமை போகமாட்டாள் என்று நான் நம்பினேன்.

ஆசிரியை பாடங்களைத் தன் குரலில் பதிந்தும் அனுப்புவார். எங்கள் இணைப்பில் அவை திறக்கா. அவருடைய குரல் எப்படியிருக்கும் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. எழுத்துரு பொருந்தாமல் பாட்டு முழுவதும் வெறும் கட்டங்களாக வந்து நிற்கும் நாட்களும் உண்டு. நிலையத்தைப் பார்த்துக்கொண்ட பெண் அதைப் பொறுமையாகச் சரிசெய்து அச்சடித்துத் தருவார். தாள்கள் நனையாமல் உரப் பையில் சுற்றி, சைக்கிளில் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான திருவையாற்றுக்குக் கொண்டுவந்து, பின்னேரம் உரத்து வாசிப்போம். மனைவி குசினியில் வேலை செய்தபடியே கேட்பாள். கேட்காதது போலத்தான் இருப்பாள்.

அப்படி ஒருநாள் தாயின் புலம்பல் பாடல்கள் வந்தன. மகள் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவள் விளையாடிய பொருட்கள் அப்படியே கிடக்கின்றன. அவள் போன வழியோ தண்ணீரில்லாத காடு. கூடப் போகிறவன் கையில் ஆயுதம். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் தாய் மகளைப் பற்றிக் கேட்கிறாள். பாடத்தின் முடிவில் ஆசிரியை ஒரு கேள்வி வைத்திருந்தார்: இந்தப் பெண் ஏன் போனாள்?

எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பிள்ளை போருக்குப் போய்விட்டாள் என்று பக்கம் நிறைய எழுதினோம். ஆயுதத்தோடு போகிறவன் அவளைக் கூட்டிப்போக வந்த இயக்கப் பொறுப்பாளன். அவன்மேல் தாய்க்குக் கோபம் இருக்கிறது, வெளியே சொல்லப் பயம். இப்படிக் கேட்டுக்கொண்டு வீதியில் நின்ற தாய்மாரை எங்களுக்குத் தெரியும் என்றும் மகள் சேர்த்து எழுதினாள்.

அடுத்த கிழமை பதில்கள் வந்திருந்தன. அந்தப் பெண் தான் விரும்பியவனோடு போகிறாள், இவை காதல் பாடல்கள் என்று மற்ற எல்லோரும் எழுதியிருந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர் எங்கள் விடைக்குக் கீழே சிரிக்கும் முகம் ஒன்று போட்டிருந்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. பாட்டின் மரபை விளக்கிவிட்டு, கிளிநொச்சியிலிருந்து வந்த விடையை ஒருவரும் திருத்தவேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

வீட்டில் இதை வாசித்தபோது மனைவி அகப்பையோடு வெளியே வந்தாள்.

"ஆரோ ஒருத்தனை விரும்பிப் போனவளோ?"

"ஓம் அம்மா."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"அப்ப உந்த மனிசி ஏன் இந்தப் பாடு படுறா? பிள்ளை உயிரோடதானே இருக்கிறாள். தைப்பொங்கலுக்கு வந்து நிப்பாள்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சொன்னதை அப்படியே தட்டெழுதி வகுப்புக்கு அனுப்பினாள்.

நாவல்கள் ஒழுங்காக வந்து சேரவில்லை. கோப்புகள் பெரியவை. முதலாம் அதிகாரம் இறங்கும், அடுத்தது இறங்காது, பிறகு நடுவிலிருந்து ஒன்று வரும். இடையில் என்ன நடந்திருக்கும் என்று நாங்களே கதைத்துத் தீர்மானித்துக்கொள்வோம். அந்த நாட்களில்தான் மகள் கேட்டாள்:

"அப்பா, கவனிச்சனீங்களோ? பாட்டில அப்பா வாயே திறக்கேல்ல. நாவலில அப்பா வாயே மூடேல்ல."

"பாட்டில அப்பா வயலுக்குப் போயிருப்பார், பிள்ளை."

"எல்லாப் பாட்டிலயுமோ?"

அவள் அதை ஆசிரியையிடமும் கேட்டாள். பதில் வந்தது. அகப்பாடல்களில் தாய் பேசலாம், தோழி பேசலாம், வழிப்போக்கர்கூடப் பேசலாம். தந்தைக்கு நேரடியான பேச்சு இல்லை, அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், அவ்வளவே மரபு. அதன் கீழே வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்: மகள் போன பிறகு அந்தத் தந்தை பேசியிருந்தால் என்ன பேசியிருப்பார்? சில வரிகள் எழுதுக.

"இது உங்கட வேலை, அப்பா. நான் கை வைக்க மாட்டன்" என்றாள் மகள்.

நான் எழுத உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் செய்யுள் போன்ற பெரிய சொற்கள். கிழித்துப் போட்டேன். அதற்குள் சண்டை மீண்டும் தொடங்கி, கண்டி வீதி மூடப்பட்டது. எரிபொருள் குறைந்தது. ஒருநாள் போனபோது நிலையத்தின் வாசலில் செருப்பு ஒன்றுகூட இல்லை. கதவு பூட்டியிருந்தது.

அதன் பிறகு பிள்ளைகள் தாமாகப் போகும் காலம் முடிந்து, வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்கும் காலம் வந்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால், ஆள் கேட்டு வந்துவிட்டார்களோ என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். இன்றும் அப்படித்தான்.

ஒரு காலை அவளுடைய பாய் சுருட்டியிருந்தது. பச்சைச் சட்டை கொடியில் இல்லை. அச்சடித்த பாடத் தாள்களை மேசையில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். மனைவி தாள்களைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். நான் சைக்கிளை எடுத்தேன். பெண்பிள்ளைகளைச் சேர்க்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள், அப்படி ஒருவரும் வரவில்லை ஐயா என்று. நான் நம்பவில்லை. அப்படித்தான் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு வீதியில் மிதித்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. பயிற்சி முகாம்கள் அந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

தருமபுரம் தாண்டி ஓரிடத்தில் எதிரே ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளில் வந்தார்கள். மறித்துக் கேட்டேன்.

"பச்சைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை. நெத்தியில சின்னத் தழும்பு இருக்கு. இந்தப் பக்கம் வந்திருப்பா. கண்டனீங்களோ?"

"தனியவோ?" என்றார் அவர்.

"தனியத்தான். இல்லாட்டி இயக்கப் பிள்ளையளோட."

"அப்பிடி ஒருத்தரையும் காணேல்ல, அண்ணை."

அவருடைய மனைவி சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். "பொறுங்கோ. விசுவமடுவில தேத்தண்ணிக் கடையில ஒரு சோடி இருந்ததெல்லே. பச்சைச் சட்டைதான். தழும்பும் இருந்தது. பெடியன் தேத்தண்ணியை ஆத்திக் குடுத்துக்கொண்டு இருந்தவன்."

"உதெல்லாம் உமக்கு வடிவாத் தெரியும்" என்றார் கணவர்.

"நீங்கள் ஒருநாளாவது ஆத்தித் தந்திருந்தா நான் ஏன் மற்றவையைப் பாக்கிறன்?"

வீதியோரம் அப்படியே குந்திவிட்டேன். எனக்குச் சுகமில்லை என்று நினைத்து அந்தப் பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மகளை ஒருவனோடு கண்டோம் என்று பாட்டில் வழிப்போக்கர் தாய்க்குச் சொல்லும் பதில் எனக்குக் கிடைத்திருந்தது. அன்றைக்குப் பாட்டைப் பிழையாக வாசித்தோம். இப்போது எங்கள் வீட்டில் நடந்ததையும் பிழையாகவே வாசித்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ஒரு பெடியனோட போயிட்டாள்."

"உண்மையாவோ? பெடியனோடயோ?"

"ஓம்."

"முருகா" என்று கைகூப்பினாள். சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். பழம்பாடல்களில் எந்தத் தாயும் அதைச் செய்ததாக ஆசிரியை சொல்லவில்லை.

பெடியன் அடுத்த வாய்க்கால் பக்கம் நெல் செய்யும் குடும்பம். என்னிடம் கேட்டால் முதலில் படிப்பு என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாளாம். கலியாணம் முடித்தவர்களை இயக்கத்துக்கு எடுக்கமாட்டார்கள் என்ற கணக்கும் இருந்திருக்கும். அதை அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. முள்ளியவளையில் அவனுடைய பெரியம்மா வீட்டில் தங்கித் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். பொங்கலுக்கு வந்தார்கள். மருமகன் என் மகளுக்கு மட்டுமல்ல, எனக்கும் தேநீர் ஆற்றித் தந்தார். அடுத்த வருடம் பேரன் பிறந்தான்.

பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்ல மாட்டேன். அந்த நாவல்கள் போல எனக்குள் சில அதிகாரங்களே இறங்கியிருக்கின்றன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைவரை போனோம். முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்த ஒரு பொழுதில் மகளும் மருமகனும் பேரனும் ஒரு பக்கம் ஓட, நாங்கள் ஒரு பக்கம் ஓடினோம். வவுனியாவில் முட்கம்பி போட்ட முகாமுக்கு நானும் மனைவியும் தனியாகத்தான் வந்து சேர்ந்தோம்.

ஆட்களை ஏற்றிய பஸ்கள் வந்துகொண்டேயிருந்தன. இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "நெத்தியில தழும்பு. கையில ஆண்பிள்ளை, நடக்கிற வயசு. அவ கொஞ்சம் உயரம். கண்டனீங்களோ?" காலையும் கேட்டேன், மத்தியானமும் கேட்டேன். பிறகு கேட்கும்போதே சொற்கள் ஒரே ஒழுங்கில் தாமாக வந்தன. ஆசிரியை கேட்ட பயிற்சிக்கு என் விடை இதுதான். இதைவிட வேறு சொற்கள் அந்தத் தந்தையிடமும் இருந்திருக்காது.

கடைசியில் ஒரு பெண் சொன்னார், அடுத்த வலயத்தில் கம்பியடியில் ஒருத்தி பிள்ளையோடு நின்று எல்லோரையும் மறித்துக் கேட்கிறாள், போய்ப் பாருங்கள் என்று. நானும் மனைவியும் ஓடினோம். அவள்தான். மெலிந்து, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். பேரன் தோளில் நித்திரை. மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மகள் அழவில்லை. எங்களுக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அவரைக் கண்டனீங்களோ?"

கம்பிக்குள்ளால் கையை விட்டுப் பேரனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலில் செருப்பில்லை. கடற்கரை மண் இன்னும் ஒட்டியிருந்தது.